குறைந்த பணத்தில் ஒரு போர் நூலகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவ வரலாற்றுப் புத்தகங்கள் ஏன் இவ்வளவு விலை என்று அலுத்துக்கொள்ளாத ஆர்வலரே இருக்க முடியாது. காரணம் எளிதானதுதான். ஒரு குறிப்பிட்ட டாங்கியைப் பற்றியோ, ஒரு படைப்பிரிவின் சீருடையைப் பற்றியோ வருகிற புத்தகத்தை வாங்குகிறவர்கள், உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம் பேர்தான். ஆனால் உள்ளே ஏராளமான படங்கள் வேண்டும், வண்ண ஓவியங்கள் வேண்டும், வரைபடங்கள் வேண்டும், அதற்கேற்ற தாளும் வேண்டும். குறைவான பிரதிகளே அச்சாகின்றன. தீர்ந்த பிறகு மறுபதிப்பு வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்புறம் பழைய புத்தகச் சந்தையில் அதன் விலை ஏறிக்கொண்டே போகும்.

அளவான பணத்தை வைத்துக்கொண்டு சேர்க்கிறவர் எல்லாவற்றையும் வாங்க முடியாது. எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கவே தேவையில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். அதற்கு நான் நம்புகிற அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரு புத்தகத்தில் எந்தப் பகுதி காலத்தால் பழசாகும், எது ஆகாது என்று பார்ப்பது.

புகைப்படம் பழசாகாது. அளவெடுத்து வரைந்த கப்பல் வரைபடம் பழசாகாது. போர்க்காலத்தில் ராணுவமே அச்சிட்ட பயிற்சிக் கையேடு பழசாகாது. ஆனால் ஒரு சண்டையில் ஏன் இப்படி நடந்தது, எதிரிக்கு எவ்வளவு சேதம், தளபதிக்கு என்ன தெரிந்திருந்தது என்ற விளக்கங்கள் இருக்கின்றனவே, அவை பழசாகும். சில சமயம் ஒரே நாளில் பழசாகிவிடும். ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது என்பது 1974இல்தான் பரவலாக வெளியே தெரிந்தது. அல்ட்ரா என்ற அந்த ரகசியத்தை அதற்கு முன் பிரிட்டனின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர்கள் கூட எழுத முடியாது. ஆகவே 1974க்கு முந்தைய இரண்டாம் உலகப் போர்ப் புத்தகத்தில் ஒரு தளபதி "உள்ளுணர்வால்" சரியாக ஊகித்தார் என்று படித்தால், கொஞ்சம் நிதானியுங்கள். அதே போல 1991க்குப் பிறகு சோவியத் ஆவணக் காப்பகங்கள் ஓரளவு திறந்தன. ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதிய கிழக்குப் போர்முனை பற்றி அதற்கு முன் மேற்கில் வந்த பல புத்தகங்கள், தோற்ற ஜெர்மானியத் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையே பெரிதும் நம்பி எழுதப்பட்டவை.

இதை ஓர் உதாரணத்தால் நெருங்கிப் பார்ப்போம். 1942 ஜூன் 4, பசிபிக் கடலில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய மிட்வே கடற்போர். ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் அங்கே இருந்தன. காலை பத்தரை மணியை ஒட்டி அமெரிக்க டைவ் பாம்பர் விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து, சில நிமிடங்களில் மூன்று கப்பல்களைத் தீக்கிரையாக்கின. நான்காவதான ஹிர்யூ அன்று மாலை தாக்கப்பட்டது. இந்தக் காட்சியைப் பல ஆண்டுகளாகப் புத்தகங்கள் ஒரே மாதிரிதான் எழுதின. ஜப்பானியக் கப்பல்களின் மேல்தளத்தில் விமானங்கள் குண்டும் எரிபொருளும் நிரப்பிப் புறப்படத் தயாராக வரிசையில் நின்றன. இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் அவை கிளம்பியிருக்கும். இதைச் சொன்னவர் மிட்சுவோ புச்சிடா. பேர்ல் ஹார்பரில் விமானத் தாக்குதலை முன்னின்று நடத்தியவர். மிட்வேயின்போது அந்த நான்கு கப்பல்களில் ஒன்றான அகாகியிலேயே இருந்தவர். அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகம் ஜப்பானிய மொழியில் 1951இலும் ஆங்கிலத்தில் 1955இலும் வந்தது. நேரில் பார்த்தவர் சொல்லும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

ஆனால் ஜப்பானின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றுத் தொடரில் 1971இல் வந்த மிட்வே தொகுதி இந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. ஜப்பானிய மொழியில் இருந்ததால் வெளியுலகுக்கு அது எட்டவில்லை. 2005இல் ஜொனாதன் பார்ஷல், ஆன்டனி டல்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விஷயத்தை முழுமையாக எடுத்துவைத்தார்கள். கப்பல்களின் விமான நடவடிக்கைப் பதிவுகளை மணிவாரியாகப் பார்த்தார்கள். ஜப்பானியர் தாக்குதல் விமானங்களைப் பெரும்பாலும் கீழே உள்ள கூடத்தில் வைத்தே ஆயுதம் ஏற்றுவார்கள், பிறகு லிஃப்டில் மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதற்கு நேரம் பிடிக்கும். அன்று காலை முழுக்க மேல்தளம், காவலுக்குப் பறந்த போர் விமானங்கள் ஏறி இறங்குவதற்கே சரியாக இருந்தது. குண்டு விழுந்தபோது தாக்குதல் விமானங்களில் பெரும்பாலானவை கீழேதான் இருந்தன. ஐந்து நிமிடக் கதை அத்தோடு முடிந்தது.

இதைப் பணம் செலவழிக்கிறவர் கண்ணோட்டத்தில் பாருங்கள். மிட்வே பற்றி ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 2005இலோ அதற்குப் பிறகோ வந்த ஒன்றுக்குக் கொடுங்கள். பழைய புத்தகங்களைப் படங்களுக்காகவும், அன்று இருந்தவர் தன் அனுபவத்தை எப்படிச் சொன்னார் என்பதற்காகவும், சல்லிசாகக் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். சல்லிசாகவே கிடைக்கும்.

போர்க்கப்பல் ஆண்டுக் கையேடுகளும் இப்படித்தான். ஃபிரெட் ஜேன் 1898இல் தொடங்கிய போர்க்கப்பல் தொகுப்பு இன்றும் வெளிவருகிறது. அதன் பழைய அசல் பிரதிகள் விலை அதிகம். குறிப்பிட்ட சில ஆண்டுகளின் தொகுதிகள் அப்படியே மறுஅச்சாக வந்திருக்கின்றன, அவை எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பது அந்த ஆண்டில் வெளியே தெரிந்த விவரம். ஜப்பானின் யமாட்டோ கப்பலின் பீரங்கிகள் 46 சென்டிமீட்டர் வாய் அகலம் கொண்டவை. ஜப்பான் அதைப் போர் முழுக்க மறைத்தே வைத்திருந்தது; பீரங்கியின் அதிகாரபூர்வப் பெயரிலேயே 40 சென்டிமீட்டர் என்றுதான் இருந்தது. நேச நாடுகளும் கிட்டத்தட்ட அப்படியே நம்பின. யமாட்டோவின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்யப் போகிறவருக்குப் போர்க்காலக் கையேடு உதவாது. அன்றைய கடற்படை அதிகாரி எதை நம்பிக்கொண்டு கடலுக்குப் போனார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல புத்தகம் கிடையாது.

சரி, காசே கொடுக்க வேண்டாத புத்தகங்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடும். அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போரைப் பற்றி வெளியிட்ட வரலாறு மொத்தம் 78 தொகுதிகள். பச்சை அட்டை என்பதால் பச்சைப் புத்தகங்கள் என்றே அழைப்பார்கள். அமெரிக்க மத்திய அரசின் வெளியீடுகளுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. ஆகவே ராணுவ வரலாற்று மையத்தின் தளத்திலிருந்து முறைப்படியே இறக்கிக்கொள்ளலாம். சண்டை நடந்த கதை மட்டுமில்லை. எரிபொருள் எப்படிப் போய்ச் சேர்ந்தது, துறைமுகத்தில் சரக்கு ஏன் தேங்கியது, மருத்துவமனைகள் எப்படி இயங்கின என்று தனித்தனித் தொகுதிகள் உண்டு. இந்தத் தளவாடத் தொகுதிகளை ஆர்வலர்கள் பொதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். 1944 இலையுதிர் காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றம் ஏன் தடைப்பட்டது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வ வரலாறு அதன் போர் நினைவகத்தின் தளத்தில் இருக்கிறது. நியூசிலாந்தின் வரலாற்றையும் இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகள் பற்றிய வரலாற்றை பிஷேஷ்வர் பிரசாத் பதிப்பித்தார். பிரிவினைக்குப் பிறகும் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்தே நடத்திய பணி அது. அதற்காகவே அந்தத் தொகுதிகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஜெர்மானிய ராணுவத்தைப் பற்றி ஒரே ஒரு கையேடு வேண்டும் என்றால், அமெரிக்கப் போர்த் துறை 1945 மார்ச்சில் தன் அதிகாரிகளுக்காக அச்சிட்டது இருக்கிறது. படைப்பிரிவு அமைப்பு, ஆயுதம், சீருடைச் சின்னம், தந்திரம் எல்லாம் ஒரே இடத்தில். அதுவும் இலவசம்தான்.

பதிப்புரிமை உள்ள புத்தகங்களின் திருட்டு ஸ்கேன் பக்கம் போகாதீர்கள். நாலு பேர் வாங்கும் புத்தகத்துக்காகப் பத்து வருஷம் காப்பகங்களில் உட்கார்ந்தவருக்கு வர வேண்டிய சிறு தொகையும் போய்விட்டால், அடுத்த புத்தகத்தை யார் எழுதுவார்கள்?

புத்தகமே இல்லாத ஓர் ஆதாரத்தையும் சொல்ல வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டன், இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் படைகளில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களைப் பேணி வருகிறது. அவர்களின் படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவுச் சின்னம், எல்லாம் தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு பட்டாலியனை எடுத்துக்கொண்டு இறந்தவர்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். வாரக்கணக்கில் ஒருவரும் இல்லை, திடீரென்று ஒரே நாளில் அறுபது பெயர் என்று வரும். அந்த நாளைக் குறித்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால், "கடும் எதிர்ப்பைச் சந்தித்தது" என்று அரை வரியில் கடந்துபோயிருப்பார்கள். அந்த அரை வரி அறுபது குடும்பம். டாங்கிகளின் கவச கனத்தை மில்லிமீட்டர் வரை மனப்பாடமாகச் சொல்லும் நமக்கு இந்த நினைப்பு அவசியம் வேண்டும்.

இனி கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் விஷயம். பழைய ராணுவ வரலாற்றுப் புத்தகத்தில் முதலில் பின்னட்டையின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு காகிதப் பை ஒட்டியிருந்தால், மடிப்பு வரைபடங்கள் அதற்குள் இருக்க வேண்டும். பை இருக்கும், வரைபடம் இருக்காது, அடிக்கடி நடப்பதுதான். உள்ளே வரைபடப் பட்டியல் இருந்தால் அதோடு எண்ணிச் சரிபாருங்கள். போர் வரலாற்றில் வரைபடம் போனால் பாதிப் புத்தகம் போன மாதிரி. இணையத்தில் வாங்குவதானால், வரைபடங்களை விரித்துப் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, படப் பக்கங்கள். அவை வழவழப்பான பூச்சுத் தாளில் இருக்கும். அந்தத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். எழுத்துப் பக்கத்தில் தண்ணீர்க் கறை இருந்தால் பரவாயில்லை, படிக்கலாம். படப் பக்கம் ஒட்டியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பூஞ்சை வாசனை அடித்தாலும் அப்படியே. ஒரு புத்தகத்திலிருந்து அலமாரி முழுக்கப் பரவும். மெல்லிய புத்தகங்களில் உலோகப் பின் அடித்திருக்கும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நூலகங்கள் கழித்துவிட்ட பிரதிகளைத் தயங்காமல் வாங்கலாம். முத்திரையும் ஒட்டுச் சீட்டும் இருக்கிறது என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள், அதனால்தான் விலை குறைவு. நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது. நூலகப் பிரதிகளில் பெரும்பாலும் அட்டை உறுதியாகவே இருக்கும். ஆனால் வரைபடத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டுக் கொடுக்கும் மறுபதிப்புகள். பதிப்புரிமை தீர்ந்த பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து அச்சிடுகிறார்கள். நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலவற்றில் புகைப்படம் கறுப்புத் திட்டாக இருக்கும். ஸ்கேன் செய்தவர் மடிப்பு வரைபடத்தை விரிக்காமலே விட்டிருந்தால், மடித்த தாளின் முதுகுதான் அச்சாகியிருக்கும். அதே ஸ்கேன் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்ப்ரே போன்ற பதிப்பகங்களின் மெல்லிய வரிசைப் புத்தகங்கள் பற்றி ஒரு வார்த்தை. 48 பக்கம், நடுவில் வண்ண ஓவியங்கள். ஒன்றின் விலை பெரிதாகத் தெரியாது. முதுகில் எண் போட்டிருப்பதால் வரிசையை முழுமையாக்கும் ஆசை வந்துவிடும். அந்த ஆசைதான் பணத்தைத் தின்னும். உங்கள் கேள்விக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். சில சமயம் இரண்டு மூன்று மெல்லிய புத்தகங்களைச் சேர்த்து ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாகவும் வெளியிடுவார்கள்; பழைய கடையில் அது வந்தால் லாபம்.

கேள்வி என்றேன். அதுதான் முக்கியம். "இரண்டாம் உலகப் போர்" என்று சேர்க்கத் தொடங்கினால் ஆயுள் போதாது, வீடும் போதாது. ஒரு படைப்பிரிவு, ஒரு கப்பல் வகை, ஒரு போர்முனையின் ஒரு குளிர்காலம் என்று எடுத்துக்கொண்டால் இருபது முப்பது புத்தகங்களிலேயே ஆழமாகப் போய்விடலாம். அந்த விஷயத்தைப் பற்றிய மிகச் சமீபத்திய நல்ல புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, கடைசியில் உள்ள நூற்பட்டியலை முதலில் படியுங்கள். அடுத்து என்ன வாங்குவது என்பதை அந்தப் பக்கங்களே சொல்லிவிடும். பல தொகுதி வரலாறுகளில் முழு செட்டுக்குத்தான் விலை. தனியாகப் பிரிந்து வந்த ஒற்றைத் தொகுதியை யாரும் சீண்ட மாட்டார்கள். உங்கள் போர்முனை அந்தத் தொகுதியில் இருந்தால் அது உங்களுக்காகவே வந்தது.

ஒரே புத்தகம் பிரிட்டனில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறு தலைப்பிலும் வருவது உண்டு. ஆசிரியர் பெயரையும் முதல் பதிப்பு ஆண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாங்கிய புத்தகங்களின் பட்டியல் கைபேசியில் இருக்கட்டும்.

அந்தப் பட்டியலை வீட்டில் இன்னொருவருக்கும் கொடுத்து வையுங்கள். எவை அரியவை, எவை சாதாரணமானவை, எந்த நூலகத்துக்கு அல்லது எந்த நண்பருக்குப் போக வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். முப்பது வருஷம் தேடிச் சேர்த்த தொகுப்பு, சேர்த்தவர் போன பிறகு எடைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது வெறும் பழைய புத்தகம். எந்தப் பைக்குள் எந்த வரைபடம் என்பது வரை எழுதி வைத்தால், அடுத்துச் சேர்க்க வருகிறவர் முழுப் புத்தகமாகவே வாங்குவார்.

நன்றி, வணக்கம்.