தேய்த்த கைக்குத்தான் தெரியும்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். அவையோருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம். மீதி வணக்கங்களை என் அணியில் அடுத்துப் பேசுகிறவர் சொல்லிவிடுவார். எனக்குக் கொடுத்திருப்பது பத்தே நிமிஷம்.

"வீட்டுக்குப் புது டிஷ்வாஷரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியானவர் கணவரா, மனைவியா?" இதுதான் தலைப்பு. மனைவியே என்று பேச வந்திருக்கிறேன். தாளில் நாலு பாயின்ட் அழகாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அந்தத் தாளுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார். என்ன சொன்னார்? "பொம்பளைங்களை டிஷ்வாஷர் வாங்க அனுப்பினா, புடவைக் கடையில கேக்குற மாதிரி 'இதே டிசைன்ல மாம்பழக் கலர் இருக்கா'ன்னு கேப்பாங்க. மெஷினைப் பத்தி ஆம்பளைக்குத்தான் தெரியும்." நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கிற அக்காக்களும் சேர்ந்து தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டு சிங்க்கில் போட்டுவிட்டு வந்த பாத்திரத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

அண்ணே, மெஷினைப் பற்றி ஆம்பளைக்குத்தான் தெரியும் என்றீர்களே, இந்த மெஷின் எப்படி வந்தது தெரியுமா? முதலில் ஓர் ஆண்தான் முயற்சி செய்தார், மறுக்கவில்லை. 1850இல் அமெரிக்காவில் ஜோயல் ஹாட்டன் என்பவர் மரத்தில் ஒன்று செய்து காப்புரிமை வாங்கினார். கையால் சுற்ற வேண்டும், தண்ணீர் தெறிக்கும். தண்ணீர் நன்றாகத்தான் தெறித்தது, பாத்திரம்தான் சுத்தமாகவில்லை. அப்புறம் வந்தார் ஜோசஃபின் காக்ரன். இல்லினாய் மாநிலம் ஷெல்பிவில் ஊர்க்காரர். கணவர் கடனை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்து முடித்தார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை. 1893 சிகாகோ கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார், ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள்.

அவர் முதலில் என்ன செய்தார் என்பதுதான் என் பாயின்ட். மோட்டாரைப் பார்க்கவில்லை. தட்டை அளந்தார், கப்பை அளந்தார், சாஸரை அளந்தார். அந்த அளவுக்குக் கம்பியில் அறை அறையாக வளைத்தார். மெஷின் அதற்கப்புறம்தான். இன்னொன்றும் சொல்வார்கள். தான் சொன்ன வழியில் ஆண்களை வேலை செய்ய வைக்க அவரால் முடியவில்லையாம். அவர்கள் இஷ்டத்துக்குச் செய்து பார்த்துத் தோற்ற பிறகுதான் கேட்டார்களாம். நடுவர் ஐயா சிரிக்கிறார். வீட்டு ஞாபகம் போலிருக்கிறது.

சரி, அமெரிக்காவை விடுங்கள். பல்லாவரத்துக்கு வருகிறேன், என் பெரியப்பா வீட்டுக்கு. கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். டிஷ்வாஷர் வாங்குவது என்று முடிவானதும் ஏ4 தாளில் கட்டம் போட்டார். எத்தனை செட் பாத்திரம் பிடிக்கும், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டெசிபல் சத்தம், எத்தனை வருஷ வாரன்டி. மூன்று வண்ணத்தில் ஸ்கெட்ச் பேனா. "பதினாலு செட்" என்று போட்டிருந்த மெஷினுக்கு முதல் மார்க். பதினாலு பேர் சாப்பிட்ட பாத்திரம் போடலாம் என்று அர்த்தமாம். எந்தப் பதினாலு பேர்? சூப் தட்டில் ஸ்பூனால் குடித்து, முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிற பதினாலு பேர்! நம் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டாலே குக்கர், கடாய், சாம்பார் சட்டி, பால் குண்டான், இட்லித் தட்டு, டபரா, நாலு டிபன் பாக்ஸ், அதற்கு நாலு மூடி. மிக்ஸி ஜாரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கடையில் பெரியம்மா கேட்டது இரண்டே கேள்வி. ஒன்று, கலர். ஆமாம் அண்ணே, கலர்தான் கேட்டார்! "இந்த ஸ்டீல் கலர்ல கைரேகை பதியுமா தம்பி?" பதிந்தால் தினமும் துடைக்கப் போவது யார்? இரண்டாவது கேள்வி, "கதவு எப்படித் திறக்கும்?" பெரியப்பா சொன்னார், "கதவு கதவு மாதிரிதான் திறக்கும், நீ சும்மா இரு."

மெஷின் வந்து இறங்கியது. பதினாறு ஆம்ப்பியர் ப்ளக் பாயின்ட், தண்ணீர் வர ஒரு குழாய், போக ஒரு குழாய், எல்லாம் மாட்டினார்கள். அடுப்படி என்ன அகலம் என்கிறீர்கள்? இந்தப் பக்கம் மேடை, அந்தப் பக்கம் ஷெல்ஃப், நடுவில் ஓர் ஆள் போகலாம். இரண்டு பேர் போனால் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். வாசல் பக்கம் அடுப்பு, உள்ளே கடைசியில் சிங்க், நடுவில் டிஷ்வாஷர். அந்தக் கதவு பீரோ கதவாகப் பக்கவாட்டில் திறக்காது. முன்னால் சாய்ந்து தரைக்கு மேலே படுத்துக்கொள்ளும், கிட்டத்தட்ட இரண்டடிக்கு. பெரியப்பா சிங்க் பக்கம் நின்றுகொண்டு கதவைத் திறந்தார். அது படுத்தது. கீழ்த்தட்டை இழுத்தார், அதுவும் வெளியே வந்து கதவின் மேல் உட்கார்ந்தது. கடாயை வைத்தார். கடாயின் காது மேலே நீட்டிக்கொண்டது. தட்டை உள்ளே தள்ளினால் காது மேல்தட்டில் இடிக்கிறது. கடாயை எடுக்கலாம் என்றால் கம்பிக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. இந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் அடுப்பில் பால்!

பெரியம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஏங்க, பால் பொங்குது." "தெரியுதுடி." "அணைக்கலாம்ல?" "எப்படி வர்றது?" "கதவு கதவு மாதிரிதானே திறக்கும், தாண்டி வாங்க." "கால் மாட்டிக்கும்டி, நீ அணையேன்." அணைத்தார், ஆனால் முழுசாகப் பொங்கிய பிறகு அணைத்தார். எனக்கென்னவோ அது தாமதமாகத் தெரியவில்லை. பெரியப்பா அப்போது சொன்ன வசனம்தான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிறது: "புது சாமான் வந்த அன்னைக்குப் பால் பொங்கினா நல்ல சகுனம்தானே!"

இந்தக் கதையை வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றிலும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அடுப்படி அரை அடி குறையும், பால் அரை லிட்டர் கூடும். பெரியப்பா சொல்லும்போது மட்டும் கதையில் பால் இருக்காது. "இடம் கொஞ்சம் டைட்டு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அதோடு விட்டாரா? மெஷினில் உப்பு போடச் சொல்லி ஓர் அறை இருக்கிறது. "எனக்கு பி.பி., இந்த வீட்டுக்கு உப்பே வேண்டாம்" என்று மூடி வைத்துவிட்டார். அண்ணே, அந்த உப்பு பாத்திரத்தில் படுவதே இல்லை. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும், அதுதான் உப்புத் தண்ணீர் என்று நாம் திட்டுவது. மெஷினுக்குள் ஒரு பிசின் இருந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அது களைத்துப்போனால், இந்த உப்பு கரைந்து போய் அதை அலசிவிடும். அவ்வளவுதான். அதற்கென்று விற்கிற கல்லுப்பைப் போட வேண்டும், சாம்பாருக்குப் போடுகிற தூள் உப்பு ஆகாது. போடாததால் கண்ணாடி டம்ளர் எல்லாம் சுண்ணாம்பு பூத்தது. "மெஷின் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று பெரியப்பா குதித்தார். பெரியம்மா நிதானமாகச் சொன்னார், "இந்தத் தண்ணிக்கு நம்ம பாத்ரூம் பக்கெட்டே வெள்ளை பூத்துக் கிடக்கு. அதை வாராவாரம் தேய்க்கிறவளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." மெஷினுக்குப் போடுகிற சோப்புப் பொடியின் காரத்தில் அலுமினிய குக்கர் கறுத்துப்போனதையும், பழகின இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைக்கப் போன கையைப் பெரியம்மா பிடித்து இழுத்ததையும் நேரம் கருதி விட்டுவிடுகிறேன்.

அடுத்து அவர்கள் மகள் வீட்டுக்கு டிஷ்வாஷர். இந்தத் தடவை பெரியம்மா தனியாகப் போனார். கையில் கட்டைப் பை. கடைத் தம்பி "வாங்கம்மா, பன்னிரண்டு செட் பாக்கறீங்களா, பதினாலா?" என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. பைக்குள் கையை விட்டார். கடாயை எடுத்தார். அந்தத் தம்பி ஒரு நொடி அரண்டுபோனார், அடிக்கத்தான் எடுக்கிறார் என்று. ஒவ்வொரு மெஷினாகத் திறந்து கீழ்த்தட்டில் கடாயைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். "இந்த மேல்தட்டை உயர்த்த முடியுமா? இந்தக் கம்பி மடங்குமா? தண்ணி பீச்சுற கை கடாயில இடிக்காம சுத்துமா?" இடிக்கிறதா என்று விரலால் சுற்றியே பார்த்தார். அப்புறம் பைக்குள்ளிருந்து குக்கர் வந்தது, ஸ்டீல் குக்கர். பிறகு பால் குண்டான். பக்கத்தில் டி.வி. வாங்க வந்தவர்கள் எல்லாம் இங்கே வந்து நின்றுவிட்டார்கள். "அடியில இருக்குற வடிகட்டியைக் கழட்டு, நான் கழட்டிப் பார்க்கறேன்." கழற்றினார், மாட்டினார். "எங்க பொண்ணு வீட்டுத் தொட்டி மொட்டை மாடியில இருக்கு, அவங்க மேல் மாடி. அந்தத் தண்ணி வேகம் இதுக்குப் போதுமா?" தம்பி மேனேஜரைக் கூப்பிட்டார். அண்ணே, ஷெல்பிவில்லில் ஜோசஃபின் அம்மா தட்டை அளந்ததும் பல்லாவரத்தில் என் பெரியம்மா கடாயை அளந்ததும் ஒரே படிப்பு. அதை ஏ4 தாளில் படிக்க முடியாது.

தண்ணீர் வீண் என்றார் எதிரணியில் இன்னொருவர். நிறைய அடுக்கி ஓட்டினால் பத்து லிட்டர் சுமாருக்கு முடிந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பவர்கள் அடியில் ஒரு பக்கெட்டை வைத்துப் பாருங்கள். 2019இல் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு நின்றது யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வேலைக்கு வருகிற அக்காவின் பிழைப்பு என்ன ஆகும் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய தலைப்பு அது இல்லை என்பதால் நான் தப்பித்தேன்.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்தால் ஹாலில் பேச்சுக் கச்சேரி. அப்பா, சித்தப்பா, அத்தை, நாங்கள் எல்லோரும். யாராவது ஒன்று சொல்வார்கள், கொல்லென்று சிரிப்போம். உள்ளேயிருந்து குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அம்மா குரல் வரும்: "என்ன? என்ன சொன்னாங்க? எதுக்குச் சிரிக்கிறீங்க?" யாரும் திருப்பிச் சொல்ல மாட்டோம். "ஒண்ணுமில்லம்மா" என்போம். சிரித்து முடித்த ஜோக்கை யார் திருப்பிச் சொல்வார்கள்? அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வரும்போது அப்பா குறட்டை விட்டிருப்பார், சித்தப்பா கிளம்பியிருப்பார். எத்தனை வருஷம் எங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது வெறும் சிரிப்புச் சத்தம்தான், எதற்கென்று தெரியாது. விரல் இடுக்கில் சேற்றுப்புண், அதற்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்.

அம்மா வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்த அன்றைக்கு, பாத்திரத்தை அடுக்கிக் கதவை மூடிவிட்டு ஹாலுக்கு வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. கையை மடியில் வைத்தார், எடுத்தார். சித்தப்பா பால் பொங்கிய கதையைத்தான் ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து கேட்டார் என் அம்மா. எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை. அம்மா மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதுக்குத்தானாடா இவ்வளவு நாளா சிரிச்சீங்க?" என்றார்.

எந்தக் கம்பெனி, எத்தனை டெசிபல், எத்தனை வருஷ வாரன்டி, எல்லாவற்றையும் எதிரணி அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் சண்டை இல்லை. இத்தனை வருஷம் ஜோக்கைத் தவறவிட்டவர் கைகாட்டுகிற மெஷின்தான் வீட்டுக்கு வர வேண்டும். அது மாம்பழக் கலரில் இருந்தாலும் சரி.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, எதிரணி அண்ணனின் வீட்டு அண்ணி மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வணக்கம்.