மாசக் கடைசி

தலைவர் அவர்களே, நண்பர்களே,

‘சும்மா பணம் கொடுத்தால் மனுஷன் கெட்டுப்போவான்’ என்று டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். கெட்டுப்போகிறானா இல்லையா என்பதை இன்று காலண்டரை வைத்துப் பார்க்கலாம்.

மாசக் கடைசி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். கடுகு டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவுகிற வாரம் அது. அமெரிக்காவிலும் அதே கதைதான். ஃபிரிட்ஸ் ஃபோலி என்ற பொருளாதார அறிஞர் 12 நகரங்களின் குற்றப் பதிவுகளை நாள்வாரியாகப் புரட்டினார். ஏழைகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை மாதத் தொடக்கத்திலேயே மொத்தமாகப் போய்ச் சேரும் நகரங்களில், நாளாக ஆகத் திருட்டும் வழிப்பறியும் ஏறின. கொலை, அடிதடியில் அந்த ஏற்றம் இல்லை. ஆளுக்கொரு தேதியாகப் பிரித்துக் கொடுத்த ஊர்களில் திருட்டிலும் இல்லை!

2010-இல் இல்லினாய் மாநிலம் உணவு உதவி கொடுக்கும் நாட்களை மாதத்தின் பல தேதிகளுக்குப் பரப்பியது. தொகையைக் கூட்டவில்லை, தேதியைத்தான் மாற்றினார்கள். அந்த மாநிலத்துச் சிகாகோ நகரின் மளிகைக் கடைகளில் நடக்கும் திருட்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் திருந்திவிடவில்லை, சாமி. வீட்டில் அரிசி இருந்தது, அவ்வளவுதான்.

சரி, பணத்தை அடியோடு நிறுத்தினால்? அதற்கும் ஒரு தேதி இருக்கிறது: 1996 ஆகஸ்ட் 22. அன்று அமெரிக்க அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டப்படி, உடல், மனக் குறைபாட்டுக்காக உதவித்தொகை வாங்கிவந்த ஏழைப் பிள்ளைகளுக்கு 18 வயதானதும், தொகைக்குத் தகுதி உண்டா என்று மறுபரிசோதனை. நிறையப் பேருக்குப் பணம் நின்றது. ஒரே தெருவில் இரண்டு பையன்கள் என்று வையுங்கள். ஒருவனுக்கு அந்தத் தேதிக்கு முந்தின வாரம் 18 முடிந்தது, அவன் தப்பித்தான். அடுத்த வாரம் பிறந்தநாள் வந்தவன் மாட்டிக்கொண்டான்.

மானசி தேஷ்பாண்டே, மைக்கேல் முல்லர்-ஸ்மித் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இப்படிப்பட்டவர்களை ஒப்பிட்டார்கள். பணம் நின்றவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் அடுத்த இருபது ஆண்டுகளில் 20 சதவீதம் கூடின. திருட்டு, மோசடி போலக் காசுக்காகச் செய்கிறவை மட்டும் 60 சதவீதம்.

அரசுக்கு மிச்சம்? உதவித்தொகையில் மிச்சப்படுத்தியதை போலீசும் ஜெயிலும் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிட்டன. ஒரு துறையின் ஏட்டில் வரவு, இன்னொன்றில் செலவு. இரண்டு ஏட்டையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.