ஏரிக்கரையில ஒரு கேமரா, சமையல்கட்டுல ஒரு கேமரா

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தொழிலா இல்லாம ஆசைக்காக போட்டோ எடுக்கறவங்களப் பத்தி பேசச் சொன்னாங்க, சந்தோஷமா வந்துட்டேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு 2019ல மூணா பிரிஞ்சாலும் நம்ம பெரியவங்களுக்கு இது வட ஆற்காடுதான், இந்த மொத்த சீமையிலயும் புதுசா கேமரா கையில எடுக்கற பசங்க கேக்கறது ரெண்டே கேள்வி, எந்த கேமரா வாங்கலாம், முதுமலைக்கு எப்ப போலாம். நான் சொல்றது வேற. உங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு ஏரியோ குளமோ பாறைக்குன்றோ இருக்கும் பாருங்க, அதப் புடிச்சுக்குங்க, ஒரு வருஷம் அங்கயே போய்கினு வந்துகினு இருங்க.

ஏன் சொல்றேன்னா, மடையான்னு ஒரு கொக்கு, குளத்துக்கொக்குன்னும் சொல்வாங்க, எந்த ஏரிக்குப் போனாலும் இருக்கும், மண்ணு கலர்ல கோடு கோடா கரையோட கரையா ஒட்டிகினு உக்காந்திருக்கும், கிட்டப் போற வரைக்கும் தெரியாது, திடீர்னு எழும்பிப் பறக்கும்போதுதான் ரெக்கை பூரா வெள்ளைவெளேர்னு தெரியும். அதே மடையான் இனப்பெருக்க காலத்துல முதுகு பூரா கருஞ்சிவப்பா மாறிடும், புதுசா பாக்கறவங்க இது வேற பறவைன்னு அடிச்சு சொல்வாங்க. ஒரு நாள் கார்ல போயி எடுத்துட்டு வர்றவங்களுக்கு இதுல ஏதோ ஒண்ணுதான் கிடைக்கும். அங்கயே கிடக்கறவங்களுக்கு அந்த மாற்றமே கிடைக்கும், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

தூக்கணாங்குருவியும் அப்படித்தான். மழை காலம் நெருங்கினா ஆண் குருவிக்கு தலையில மஞ்ச ஏறும், ஓலைய நார் நாரா கிழிச்சு பனை ஓலையிலயும் முள்ளு மரத்துலயும் கூடு பின்ன ஆரம்பிக்கும், பாதி கட்டினதும் ரெக்கைய அடிச்சு பொட்டைய கூப்பிடும், அது வந்து பாத்து புடிச்சிருந்தாதான் மீதி கட்டும். இத எடுக்கணும்னா தள்ளி நின்னு எடுங்க. கிளைய வளைக்கறது, மறைச்சிருக்கற இலைய கிள்ளிப் போடறது, குஞ்சு நல்லா தெரியணும்னு ஓலைய விலக்கறது, இதெல்லாம் வேணவே வேணாம். இலைய எடுத்தா வெயிலும் காக்காவும் நேரா குஞ்சு மேல வந்துடும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பறவையோட கூட்டையும் முட்டையையும் தொந்தரவு பண்றதயே வேட்டைன்ற கணக்குலதான் வெச்சிருக்காங்க, துப்பாக்கி எடுத்தாதான் வேட்டைன்னு நினைச்சுகினு இருக்கோம், அது அப்படி இல்ல.

அமிர்திக்கும் ஏலகிரிக்கும் போறவங்க குரங்குக்கு பிஸ்கட்ட காட்டி கிட்ட இழுத்து எடுக்கறாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. அந்தக் குரங்கு அடுத்து வர்ற குழந்த கையில இருந்து புடுங்கும், அப்புறம் அதயே கல்லால அடிப்பாங்க. குடியாத்தம் பக்கம் ஆந்திரா கௌண்டின்யா காட்டுல இருந்து யானை இறங்கி நெலத்துக்கு வருது, அந்த நேரத்துல செல்போன தூக்கிகினு பின்னாடி ஓடறது யானைக்கும் ஆபத்து, வெள்ளாம பண்ணவங்களுக்கும் ஆபத்து, தயவுசெஞ்சு வேணாம்.

நம்ம ஊர் வெயில பத்தி சொல்லியே ஆகணும். மேல எல்லாம் கருங்கல்லு மலை, வெயில் ஏறினா பாறை சூடாகி காத்து அலை அலையா நடுங்கும். தூரத்துல இருக்கற பறவைய நீள லென்ஸ் போட்டு எடுத்தா படம் கலங்கிதான் வரும், லட்ச ரூபா லென்ஸா இருந்தாலும் அதேதான், ஏன்னா கலங்கறது லென்ஸ் இல்ல, நடுவுல இருக்கற காத்து. நிறைய பேர் கேமரால கோளாறுன்னு நினைச்சு சர்வீஸுக்கு குடுத்துடறாங்க. வெடியக்காலம் வெளிச்சம் வந்ததும் ஆரம்பிச்சு வெயில் சுள்ளுன்னு ஏர்றதுக்குள்ள முடிச்சுடுங்க. பறக்கற பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/2000 செகண்டு கிட்ட வெச்சுக்குங்க, உக்காந்திருக்கறதுக்கு அவ்ளோ வேணாம், போகஸ் மட்டும் கண்ணுல இருக்கணும். அப்புறம் குனிங்க, முடிஞ்சா தரையில படுங்க. பாறை ஓணான நின்னுகினு மேல இருந்து எடுத்தா ஓணான்தான் தெரியும், அதோட கண்ணு மட்டத்துக்கு இறங்கினா தல தூக்கி தன் பாறைய காவல் காக்கற மிருகம் தெரியும், சீசன்ல ஆணுக்கு செவப்பும் கருப்புமா கலர் வேற ஏறியிருக்கும்.

கேமரா விலை பத்தி கவலப்படறவங்களுக்கு ஒண்ணு. மா. கிருஷ்ணன் அய்யா, 1912ல பொறந்தவரு, 1970ல பத்மஸ்ரீ வாங்கினவரு, நம்ம காட்டு விலங்குகள கருப்பு வெள்ளையிலயே எடுத்தாரு, பல கேமராவோட பாகங்கள ஒண்ணா சேத்து தானே அமைச்ச கேமராவ தோள்ல போட்டுகினு காடு காடா நடந்தாரு. யானைய பத்தி அவருக்குத் தெரிஞ்சதுதான் அந்தப் படத்துல வந்து நின்னுச்சு.

வெளிய போக முடியாதவங்க, முக்கியமா வீட்டு வேலைய பாத்துகினு இருக்கற அக்காங்க அம்மாங்க, உங்களுக்கு சமையல்கட்டு ஜன்னலே போதும், நெஜமா சொல்றேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா, 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கத்திரிக்கா, ஒண்ண எடுத்து ஜன்னலுக்கு பக்கவாட்டுல வைங்க. போன்ல பிளாஷ் போட்டா முள்ளெல்லாம் காணாம போயிடும், தோல்ல ஒரு வெள்ளப் பொட்டு மட்டும் அடிக்கும். பிளாஷ ஆப் பண்ணிட்டு பக்கத்துல இருந்து வெளிச்சம் விழற மாதிரி வெச்சா காம்புல இருக்கற ஒவ்வொரு முள்ளுக்கும் நிழல் விழும், தோல் பட்டு மாதிரி மின்னும். இருட்டா இருக்கற பக்கம் வெள்ள சார்ட் பேப்பர நிக்க வைங்க, அங்கயும் கொஞ்சம் வெளிச்சம் போவும். இதே வழியில நம்ம கரிகிரி ஊர்ல செய்ற மண்பாண்ட ஜாடிய எடுங்க, பாட்டியோட பித்தள சொம்ப எடுங்க, அருவாமனைய எடுங்க. பளபளன்னு இருக்கற சாமான்ல எதிர்ல இருக்கறதெல்லாம் தெரியும், ஜன்னலும் தெரியும் நீங்களும் தெரிவீங்க, கொஞ்சம் கொஞ்சமா கோணத்த மாத்திகினே வந்தா ஒரு எடத்துல அது அடங்கும். அந்த அருவாமனைய யாரு வாங்கினது, எந்த சந்தையில வாங்கினதுன்னு வீட்டுல கேட்டு படத்தோட எழுதி வெச்சிடுங்க, சொல்லக்கூடியவங்க நம்மகூட இருக்கும்போதே கேளுங்க.

பாலாறு வருஷத்துல முக்காவாசி நாள் மணலாதான் கிடக்குது, 2021 நவம்பர்ல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுகினு போச்சே, எல்லாரும் பாலத்துல நின்னு எடுத்தாங்க. அதே பாலத்துல அதே கைப்பிடி பக்கத்துல நின்னு அதுக்கு முன்னாடி வெறும் மணல எடுத்து வெச்சிருந்தவங்க கையில இருக்கறதுதான் பொக்கிஷம். வெறும் மணல எவன் எடுப்பான்னு கேப்பாங்க. நீங்க எடுங்க.

கடைசியா எடுத்தத பத்திரமா வைக்கறது. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கிடும், அதுக்குள்ள இருக்கற தேதியும் எடமும் போயிடும், அதனால ஒரிஜினல தனியா ஒரு ஹார்டு டிஸ்க்ல போட்டு ஊர் பேரும் தேதியும் எழுதி வைங்க. பொங்கலப்போ தமிழ்நாடு பூரா 4 நாள் பறவை கணக்கெடுப்பு நடக்கும், 15 நிமிஷம் ஒரு எடத்துல நின்னு பாத்தத ஈபேர்டுன்னு பறவை பட்டியல் போடற இணையதளத்துல ஏத்தினா போதும், பேர் தெரியாத பறவைன்னா உங்க போட்டோவ பாத்து தெரிஞ்சவங்க சொல்வாங்க. சென்னைய சுத்தி பட்டியல் குவியுது, நம்ம பக்கத்து ஏரிங்களுக்கும் அந்த மாதிரி வரணும்ன்றது என்னோட ரொம்ப நாள் ஆச. இந்த பொங்கலுக்கு உங்க ஊர் ஏரி பேரு அதுல இருக்கட்டும். நன்றி, வணக்கம்.