சூசையப்பர் வாய் திறக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

மாற்றாந்தாய் என்றதும் நூறு கதை நினைவுக்கு வரும். மாற்றாந்தகப்பனுக்கோ நம் பேச்சில் ஒரு சொல்கூட நிலைக்கவில்லை. "அந்தம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரர்" என்பார்கள். 9 வருஷமாக ஊரில் எனக்கும் அதுதான் பெயர். கணவரை இழந்த பெண்ணை மணந்தேன். அவள் மகனுக்கு அப்போது 7 வயது.

எங்கள் வேதமான பைபிளிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். மரியாளின் கணவர், இயேசுவைப் பெறாமல் வளர்த்த தகப்பன். கத்தோலிக்கர்களுக்குச் சூசையப்பர், எங்கள் சபையில் யோசேப்பு. நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. எழுந்தார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார், பிள்ளையைக் கொல்லத் தேடிய ராஜா ஏரோது செத்தபின் திரும்பினார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வசனம் மனப்பாடமாகாத பையனுக்குத்தான் யோசேப்பு வேஷம் கொடுப்பார்கள்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். யூதர்களின் பஸ்கா பண்டிகை முடிந்து எருசலேமிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். ஒரு நாள் தூரம் நடந்த பிறகுதான் 12 வயது இயேசு கூட்டத்தில் இல்லையென்று தெரிகிறது. திரும்பிப் போய்த் தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்துத் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்கிறாள் மரியாள். பிள்ளையோ, "என் பிதாவுக்கடுத்தவைகளில் நான் இருக்க வேண்டியதென்று அறியீர்களா" என்று கேட்கிறது. பக்கத்தில் யோசேப்பு நிற்கிறார்.

இயேசு தேவகுமாரன் என்பதற்கு கடவுளைத் தன் பிதா என்று சொல்லும் இந்த வசனத்தைச் சான்று காட்டுவோம், சரிதான். என் காதில் அது வேறு மாதிரியும் விழுகிறது. 8 வயதில் எங்கள் பையன் கணக்கு நோட்டை வீசிவிட்டு, "நீங்க ஒண்ணும் எங்க அப்பா இல்ல" என்றான். அன்று இரவு இந்த அதிகாரத்தைத்தான் எடுத்துப் படித்தேன். யோசேப்பு பதிலுக்கு என்ன சொன்னார் என்று லூக்கா எழுதவில்லை. பிள்ளை அவர்களோடு நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தது, அவ்வளவுதான். நானும் நோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

"இனிஷியலை மாத்திடுங்க, பின்னாடி சர்டிபிகேட்ல குழப்பம் வரும்" என்று உறவினர்கள் சொன்னார்கள். இயேசு என்று பிள்ளைக்குப் பெயரிட்டவர் யோசேப்புதான், ஆனால் அந்தப் பெயர் தேவதூதன் சொன்னது. அவர் விருப்பத்துக்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை. பையனைப் பெற்றவரின் எழுத்து இன்றும் அவன் பெயருக்கு முன்னால் அப்படியே இருக்கிறது. அவர் படமும் கூடத்தில் இருக்கிறது.

அப்புறம், பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் மொர்தெகாய். தாய் தகப்பனில்லாத எஸ்தரை வளர்த்தவர். அவளை அரண்மனைக்குக் கொண்டுபோன பிறகு, அவள் சுகமாயிருக்கிறாளா என்று அறிய நாள்தோறும் கன்னிமாடத்து முற்றத்துக்கு முன்னால் உலாவினார். உள்ளே போக முடியாது. வெளியே நடக்கலாம்.

பையனுக்கு இப்போது 16. என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். போன வாரம் டியூஷன் முடிந்து, "மாமா, கடைசி பஸ் போயிடுச்சு" என்று போன் செய்தான். நான் போய்ச் சேர்வதற்குள் டீக்கடைகூடச் சாத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான். வண்டியில் ஏறியதும் பசிக்குது என்றான். வழியில் ஒரு புரோட்டாக் கடை திறந்திருந்தது.