சாகப் போக அரசாங்கம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறதா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வி.ஏ.டி. (வாலண்டரி அசிஸ்டட் டையிங்) சட்டம் பற்றிப் பேசினேன். குணமாகாத நோயில் கடைசி மாதங்களில் இருப்பவர், டாக்டர் உதவியோடு தன் சாவைத் தானே தேர்ந்துகொள்ள வழிவிடும் அந்தச் சட்டம், 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "கிராமத்து ஆள் வைத்தியத்துக்குப் போக வழியில்லை, சாகப் போக மட்டும் அரசாங்கம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறதா?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

முதல் பாதி தப்பு. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய நோயாளிக்கு அங்கே பேட்ஸ் என்று ஒரு பயண உதவி ரொம்ப காலமாகவே உண்டு. முழுச் செலவையும் தராது, அந்தப் புலம்பல் ஊருக்கு ஊர் கேட்கும். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன். வி.ஏ.டி.க்கு என்று தனியாக ராஸ் என்ற திட்டம் இருக்கிறது. நோயாளி டாக்டரிடம் போகவும் காசு கொடுக்கும், டாக்டர் நோயாளியிடம் வரவும் கொடுக்கும். இந்த இரண்டாவதுதான் முக்கியம். போன வாரமும் சொன்னேன், அலுக்காமல் இன்னொரு தடவை சொல்கிறேன்: பயணம் செய்ய வேண்டியவர் டாக்டர், நோயாளி அல்ல. மாநிலத் தலைநகர் பெர்த்திலிருந்து வடக்கே இருக்கும் ப்ரூம் ஊருக்குச் சாலை வழியாக 2,200 கிலோமீட்டர். அந்தப் பாதையில் ப்ரூம் பக்கத்து ரோட்ஹவுஸை விட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் சாண்ட்ஃபயரில், நடுவில் சுமார் 280 கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. நல்ல உடம்போடு ஓட்டினாலே இடுப்பு விட்டுப்போகும். எலும்புவரை புற்றுநோய் பரவிய ஆளை அதில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது உதவியா என்ன?

இது கற்பனைக் கவலை இல்லை. 1996ல் டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் இப்படி ஒரு சட்டம் வந்தது, உலகத்திலேயே முதலில் வந்தவற்றில் ஒன்று. மேக்ஸ் பெல் என்று ஒரு டாக்ஸி டிரைவர், வயிற்றில் புற்றுநோய், நியூ சவுத் வேல்ஸில் ப்ரோக்கன் ஹில் ஊர்க்காரர். தன் டாக்ஸியிலேயே சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு டார்வின் போனார். சட்டம் இருந்தது, ஆனால் அது கேட்ட டாக்டர் கையெழுத்துகளில் மீதியைப் போட ஒருவரும் முன்வரவில்லை. மனிதர் அதே தூரத்தைத் திரும்ப ஓட்டிவந்து சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தார். 1997ல் மத்திய அரசு அந்தச் சட்டத்தையே செல்லாமல் ஆக்கிவிட்டது. இன்னொரு கூத்து கேளுங்கள்: ப்ரோக்கன் ஹில்லில் 2023 நவம்பர் முதல் சட்டம் இருக்கிறது, டார்வினில் 1997க்குப் பிறகு 2024 முடிந்தும் வரவில்லை. சட்டம் இருந்தும் கையெழுத்துப் போட டாக்டர் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு மேக்ஸ் பெல்லை விட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, நீங்கள் கேட்டது டிக்கெட். நான் என்றால் வேறொன்று கேட்டிருப்பேன். வீடியோ காலில் தலைவலி முதல் மனநலம் வரை பார்க்கிற நாட்டில், இதற்கு மட்டும் எதற்கு ஆள் நேரில் போகவேண்டும்?

காரணம் 2005ல் மத்திய அரசு போட்ட ஒரு குற்றச் சட்டம். தொலைபேசி, இணையம் வழியாகத் தற்கொலையைத் தூண்டுவதும் வழி சொல்வதும் குற்றம். நோக்கம் நல்லதுதான், இணையத்தில் மனம் உடைந்தவர்களைத் தற்கொலைக்கு உசுப்பிவிடுகிறவர்களைத் தடுக்கக் கொண்டுவந்தார்கள். அப்புறம் மாநிலங்கள் வி.ஏ.டி. சட்டம் போட்டு, இது தற்கொலை ஆகாது என்று எழுதி வைத்தன. ஆனால் மத்தியச் சட்டத்தின் கண்ணுக்கு? நிக்கலஸ் கார் என்ற மெல்பர்ன் டாக்டர் வழக்கே போட்டார். 2023 நவம்பர் 30ல் ஃபெடரல் கோர்ட் சொன்ன தீர்ப்பு: அந்தக் குற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை இதுவும் தற்கொலைதான். அதனால் டாக்டர்கள் போனில் விவரம் பேசவே பயப்படுகிறார்கள். மாநிலம் அனுமதித்த காரியத்தை மாநில டாக்டர் போனில் பேசினால் மத்திய வழக்கு! ராஸ் காசில் பெரிய பங்கு இந்த ஒரு முட்டுக்கட்டையைச் சுற்றிப் போவதற்கான வண்டிச் செலவு என்பது என் கணக்கு. பயணக் காசை ஏற்றுவதை விட அந்தச் சட்டத்தில் ஒரே வாக்கியம் சேர்த்து வி.ஏ.டி.க்கு விலக்குக் கொடுப்பது மலிவு.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பாடு இன்னும் மோசமாக இருந்தது. 2019ல் அங்கே வி.ஏ.டி. ஆரம்பித்தபோது, பார்க்கிற இரண்டு டாக்டர்களில் ஒருவராவது அந்த நோயில் அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். காகிதத்தில் நியாயமாகத்தான் படும். மோட்டார் நியூரான் நோயோடு மில்டூராவில் இருப்பவர் நரம்பு டாக்டருக்கு எங்கே போவார்? 540 கிலோமீட்டர் தள்ளி மெல்பர்னுக்குத்தான். கை கால் ஓய்ந்து, மூச்சும் திணறுகிற நிலையில்.

அதே நேயர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் போய் இதைப் பெற முடியுமா என்று. முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும், அந்த மாநிலத்திலேயே 12 மாதமாவது வாழ்ந்திருக்கவும் வேண்டும். டார்வின்காரர் பக்கத்து மாநிலமாயிற்றே என்று எல்லை தாண்டி வந்தாலும் அவருக்கும் இதே 12 மாதம்தான், அந்த நோயோடு. வெளிநாட்டாரையும் ஏற்கிற சுவிட்சர்லாந்து வேறு சங்கதி, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.