ஆற்றில் ஒரு கால்
(திருநெல்வேலி விளையாட்டு விழா ஒன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, ஒலிபெருக்கியை இரண்டு முறை சரிசெய்து தந்த தம்பி அவர்களே, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய வணிகப் பெருமக்களுக்கு நன்றி. துண்டாகக் கொடுத்திருந்தால் நாளைக் காலை ஆற்றுக்கு எடுத்துப்போயிருப்பேன்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் இடைநில்லாமல். அந்த வரிசையிலேயே மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே’ என்பாள் எங்கள் ஆச்சி. மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வரும்.

1978இல் ஹவாயில் 15 பேர் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, முழு மாரத்தானும் ஓடக் கிளம்பினார்கள். முடித்தவர்கள் 12 பேர். அயர்ன்மேன் என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயத்தின் உலகப் போட்டிக்குள் நுழைய இன்று பெரும்பாலோர் வேறொரு பந்தயத்தில் தகுதி பெற்றாக வேண்டும். தொழில்முறை அல்லாதவர்கள் வயதுப் பிரிவு வாரியாக மோதும் மற்றோர் உலகப் போட்டிக்கு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பே ஆள் அனுப்புகிறது. ஆகவே தரம் நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் தேர்வுக்கே அடிதடி. இன்னோரிடத்தில் பெயர் கொடுத்தாலே சீருடை. அங்கே முன்னணியில் வருபவர்கள் பெயருக்குத்தான் அமெச்சூர். தொழில்முறையில் ஓடி ஓய்ந்தவர்களும் அதில் உண்டு. வயதை வைத்தும் எடை போடாதீர்கள். ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018இல் ஹவாய்ப் பந்தயத்தை முடித்தபோது அவருக்கு வயது 85.

என் அக்காள் மகன் எடை போட்டான். குறுக்குத்துறை மண்டபத்திலிருந்து ஆற்றில் குதித்து வளர்ந்தவன், இப்போது வங்கி வேலை. வெளிநாட்டுத் தகுதிப் பந்தயம் ஒன்றுக்குப் போனான். அங்கே கெண்டைக்காலில் வயதை மையால் எழுதிவிடுகிறார்கள். சைக்கிளில் ஒரு கால் இவனைத் தாண்டிப் போகிறது. அதில் 64 என்றிருக்கிறது. ஒரு பாட்டி! ரோஷம் வந்து பின்சக்கரத்தை ஒட்டியே மிதித்திருக்கிறான். முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் இடம் விட வேண்டும். ஒட்டிப்போனால் காற்றை அவர் வாங்கிக்கொள்வார், நமக்குச் சுகம். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் அட்டையை நீட்டிவிட்டார்.

“பாட்டிக்கு உலகப் போட்டியில் இடம் கிடைத்தது, மாமா. எனக்குத் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க இடம் கிடைத்தது.”

(சிரிப்பு. தலைவர் ஐயாவும் சிரித்தார்.)

பந்தயம் முடிந்ததும் அந்த அம்மாள் கேட்டாராம், எங்கே நீந்திப் பழகினாய் என்று. எங்கள் ஊர் ஆற்றில் என்றிருக்கிறான். “கொடுத்துவைத்தவன், தினமும் இறங்குவாயா?” அதற்கு அவனிடம் பதில் இல்லை. போன முறை இறங்கியபோது வந்த சொறி ஆற ஒரு மாதம் ஆனது.

இதைச் சொல்லத்தான் வந்தேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியில் நம் வீட்டுச் சாக்கடை கலக்கிறது. ஆச்சியின் பழமொழி இங்கே செல்லாது. ஆற்றில் ஒரு கால் வைத்தாலே போதும், அது சேற்றில்தான் இருக்கிறது. பிள்ளைகளை உலகப் போட்டிக்கு அனுப்புவது அப்புறம். முதலில் கழிவுநீர்க் குழாய்களை ஆற்றிலிருந்து திருப்புங்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. அண்ணாச்சி மணி அடித்துவிட்டார். கழிவுநீர்க் குழாய்களைத் திருப்பக் கோரும் மனு வாசலிலுள்ள மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா என்னுடையது, வைத்துவிட்டுப் போங்கள்.