வல்லூறுக்குத் தயிர்ச்சோறு வேண்டாம் அண்ணாச்சி

[காட்சி: திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம். வீட்டு மரங்களில் நாரைக் கூடுகள்.]

வணக்கம். கூட்டிலிருந்து விழுந்த நாரைக்குஞ்சை எடுத்து, மீன் கொடுத்துத் தேற்றி விட்டவர்கள் கூந்தன்குளத்தில் உண்டு. ஆனால் வல்லூறு, பருந்து, கூகை என்கிற ஆந்தை, இந்த வேட்டைப் பறவைகளின் விஷயம் வேறு.

[காட்சி: வெட்டிச் சாய்த்த பனைமரம், அதில் ஒரு பொந்து.]

பங்குனி, சித்திரையில் பனையை வெட்டினால் பொந்துக்குள் ஆந்தைக்குஞ்சு இருக்கும். மாஞ்சா நூலில் சிக்கிய பருந்தும் கிடைக்கும். அலகைவிடக் காலுக்குத்தான் பயப்பட வேண்டும், அது பிடித்தால் லேசில் விடாது. துண்டைப் போட்டு மூடி, இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும், இருட்டில் தானாக அடங்கும். கம்பிக்கூண்டில் வைத்தால் இறகு ஒடியும். ஒடிந்த இறகு உதிர்ந்து புதுசு முளைக்கப் பல மாதம் ஆகலாம்.

அடுத்து வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

[காட்சி: தராசில் துணி சுற்றிய வல்லூறு.]

சரி, தீனிக்கு வருவோம். "தயிர்ச்சோறு குடுக்கலாமா அண்ணாச்சி?" என்று பாசத்தோடுதான் கேட்கிறார்கள். கூடாது. பாலும் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெறும் கோழிக்கறியும் போதாது. எலும்பில்லாத கறியையே தின்று வளர்ந்த குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துபோகும். அதற்கு முழு எலி, முழுக் காடை, கோழிக்குஞ்சு வேண்டும். முடி, எலும்பு, ஈரல் எல்லாம் சேர்ந்துதான் அதன் சாப்பாடு. பார்க்கச் சங்கடமாக இருந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது, அதில் தப்பில்லை.

மீட்ட பறவைகளைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களோடு சேர்ந்து உதவப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது கூட்டும் வேலையும் எடை போடும் வேலையும்தான். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுத வேண்டும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் பறவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். உட்காரும் கட்டைக்குக் கயிறு சுற்ற வேண்டும், வழவழப்பான கட்டையில் பாதம் புண்ணாகி வீங்கும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பேசாமல் இருப்பதுதான். கொஞ்சக் கூடாது, பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. குஞ்சு மனிதரையே தாயாக நினைத்துவிட்டால் அப்புறம் காட்டில் பிழைக்காது. அதனால் முகத்தை மறைத்து, இடுக்கியால் தீனி வைத்துவிட்டு உடனே வந்துவிடுவேன்.

[காட்சி: விடியற்காலை. கூண்டுத் தரையில் சாம்பல்நிற உருண்டை.]

செரிக்காத முடியையும் இறகையும் உருண்டையாகக் கக்கும். ஆந்தை கக்கியதில் எலியின் எலும்புகூட அப்படியே இருக்கும். வல்லூறின் வயிறு எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும். உருண்டை வராமல் அடுத்த தீனி வைப்பதில்லை. காலையில் அது தரையில் கிடந்தால்தான் அன்றைக்கு எனக்கு டீ இறங்கும்.